ஒரே பலகையில் ஒரு மீன்கொத்தி

பல நிற மரங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறுத்துப் பொருத்துவது இன்டார்சியா. இங்கே சொல்வது அதுவல்ல. ஒரே பலகையை ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் அறுவை மெஷின்) துண்டு துண்டாக அறுத்து, ஓரம் மழுக்கி, வண்ணம் பூசி, திரும்பவும் சேர்த்து ஒட்டும் வேலை. இதில் பக்கத்துத் துண்டுகள் இரண்டுக்கும் நடுவே ஒரே வெட்டுதான். பிளேடு கோட்டை விட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் இரண்டும் சேர்ந்தே விலகும், இடைவெளி விழாது.

இந்தச் சலுகையெல்லாம் பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கும் வரைதான். சாய்ந்திருந்தால் துண்டின் பக்கமும் சரிவாகும். ஒரு துண்டைச் சற்றே உயர்த்தினால் ஒன்று இறுகும், இல்லை இளிக்கும். மெஷினில் இருக்கும் டிகிரி அளவை நம்ப வேண்டாம். கனமான கட்டை ஒன்றில் லேசாக ஒரு வெட்டுப் போட்டு, கட்டையைத் திருப்பி, பிளேடின் முதுகுப் பக்கமாகக் கொண்டு வாருங்கள். முதுகு அந்த வெட்டுக்குள் வழுக்கிப் போனால் சரி.

வெண்மார்பு மீன்கொத்தி தொடங்குவதற்கு நல்ல உருவம். நிறங்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும்: தலை செம்பழுப்பு, மார்பு வெள்ளை, இறக்கை நீலம், அலகு சிவப்பு. ஆறு நூல் (முக்கால் அங்குலம்) கனத்தில் குமிழ் அல்லது பைன் பலகை போதும். பெயின்ட் அடிக்கத்தானே போகிறோம், ரேகை எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. அலகின் நீளவாக்கில் ரேகை ஓடவேண்டும். குறுக்கே ஓடினால், தேய்க்கும்போதே அலகு முறியும்.

படத்துக்கு இரண்டு நகல் எடுத்து, இரண்டிலும் ஒரே எண்களைப் போடுங்கள். பலகை மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் ஒரு நகல், அதற்கும் மேலே பார்சல் ஒட்டும் டேப். கடைசி டேப் இருந்தால் வெட்டு கருகுவது குறையும். 5ஆம் எண் ரிவர்ஸ் டூத் பிளேடு (அடியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருப்பது) பொருத்தமானது. முதலில் பலகையை மூன்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரித்துவிட்டுப் பிறகு உள்கோடுகளுக்குப் போகலாம். அறுத்த உடனே துண்டின் அடியில் பென்சிலால் எண் எழுதுங்கள். மேலே இருக்கும் எண் காகிதத்தோடு போய்விடும்.

மழுக்குவதில்தான் உருவத்துக்கு உயிர் வரும். 120இல் தொடங்கி 220 உப்புத்தாள் வரை. எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் உருட்டினால் பொம்மைக்கடைச் சாமான் மாதிரி இருக்கும். இறக்கையின் அடியில் 3 மி.மீ. ப்ளைவுட் வைத்து உயர்த்தி, அதைத் தொடும் மார்பை அந்தப் பக்கமாகச் சரித்துத் தேய்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பெயின்டில் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். 5ஆம் எண் பிளேடு விடும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரு பக்கச் சுவர்களிலும் மேலிருந்து கீழ்வரை இரண்டு கோட் அடித்தால் துண்டுகள் சேராது. அதனால் சுவரில் மேலிருந்து இரண்டு நூல் மட்டும் பூசுங்கள். அடிப்பக்கம் பெயின்ட் படாத வெறும் மரமாகவே இருக்கட்டும், பசை அதில்தான் பிடிக்கும். நீர் கலந்த அக்ரிலிக் முதல் கோட்டில் நார் எழும்பும். 320இல் லேசாகத் தடவிவிட்டு இரண்டாவது கோட். பைனில் கணு இருந்தால் வெள்ளைத் துண்டு அதன்மேல் விழாதபடி படத்தை நகர்த்துங்கள். முடியாதபோது அரக்கு பாலிஷ் ஒரு கோட் கொடுத்த பிறகே வெள்ளை. இல்லாவிட்டால் சில மாதத்தில் மார்பில் மஞ்சள் கறை ஊறி வரும்.

வார்னிஷையும் ஒட்டும் முன்பே அடித்துவிடுங்கள். பிறகு அடித்தால் இடுக்குகளில் தேங்கும். நன்றாகக் காய்வதும் முக்கியம். அவசரப்பட்டுச் சேர்த்தால் பெயின்டும் பெயின்டும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும்.

பின்பலகைக்கு 4 மி.மீ. ப்ளைவுட், உருவத்தின் வெளிக்கோட்டைவிட 3 மி.மீ. உள்ளே தள்ளி அறுத்து, ஓரத்தில் கறுப்பு. ஃபெவிகாலைத் துண்டின் நடுவில் மட்டும் வையுங்கள். ஓரம் வரை தடவினால் பிதுங்கி மேலே வரும். மாட்டும் கொக்கியை உடனே அடிக்காமல், காய்ந்த உருவத்தின் மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். அலகுப் பக்கம் இறங்கினால், பிடியை அந்தப் பக்கமாகவே நகர்த்த வேண்டும்.