அலபாமாவில் பார்த்தவை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் நடந்த இடங்களைக் காண, அந்நாட்டின் தென்பகுதி மாநிலமான அலபாமாவுக்கு நண்பர்கள் குழுவாகச் சென்று வந்தோம். பர்மிங்காமில், 1963 செப்டம்பர் 15 அன்று நிறவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியான பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு செல்மாவுக்குப் போனோம்.

அங்குள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடிட்டிருப்பதால், ஊர்ப்பக்கமிருந்து ஏறுகிறவருக்கு உச்சியை எட்டும்வரை மறுகரை தெரிவதில்லை. 1965 மார்ச் 7 அன்று கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக நடந்த போராட்டத் தலைவர் ஜான் லூயிஸும் மற்றவர்களும் தடியோடு நின்ற காவல்படையைக் கண்டது அந்த உச்சியிலிருந்துதான் என்பது அங்கே நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடிபட்டும் அவர்கள் ஓயவில்லை. அந்த ஆகஸ்டிலேயே வாக்குரிமைச் சட்டம் வந்தது. பாலமோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. (மாற்ற வேண்டுமா என்று வண்டியில் பெரிய வாக்குவாதமே நடந்தது, யாரை மீறி நடந்தார்கள் என்பது தெரியும்படி அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி.)

மாண்ட்கோமரியில், கும்பல் கொலைக்கு ஆளான கறுப்பின மக்களுக்காக 2018-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள் உள்ளன. முதலில் கண்ணுக்கு நேராக இருக்கும் அவை, தரை சரியச் சரியத் தலைக்கு மேல் தொங்கத் தொடங்குவதால், பெயர்களை அண்ணாந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. போகிறவர்கள் இதற்கு மட்டும் அரை நாளாவது ஒதுக்குங்கள். எங்கள் பயணத் திட்டத்தில் அதற்குத் தந்திருந்த நேரம் போதவில்லை.