எங்கள் புஞ்சை வழியே எரிவாயுக் குழாய்: நிலப் பயன்பாட்டு உரிமை பற்றிய அனுபவம்

மதுரைக்குக் கிழக்கே உள்ள எங்கள் புஞ்சையின் குறுக்கே நெடுந்தூர எரிவாயுக் குழாய் பதிக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது, நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று அப்பா கலங்கினார். ஆனால் பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்காக நிலப் பயன்பாட்டு உரிமை எடுப்பது பற்றிய 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுக்கப்படுவது குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டுமே. பட்டா நம் பெயரில்தான் இருக்கும், குழாய்க்கு மேலே உழுது விதைக்கலாம். எனினும் உரிமை எடுக்கப்பட்ட பகுதியில் கட்டடம் எழுப்பவும், கிணறு வெட்டவும், மரம் வைக்கவும் தடை உண்டு. ஆகவே குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதே முதல் கேள்வி.

சர்வேயர் நட்ட கல் எங்கள் மோட்டார் அறையை ஒட்டியே இருந்தது. ஏற்கெனவே நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடத்தின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது என்றும், எங்குமே ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்சேபத்தை 21 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், புல வரைபடம், சிட்டா, அடங்கல், மோட்டார் அறைக்கான மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்து மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு நேரில் அழைத்தார்கள்; வரைபடத்தில் அறை இருக்கும் இடத்தை அப்பா விரல் வைத்துக் காட்ட, வழித்தடம் கிழக்கு வரப்பை நோக்கி நகர்த்தப்பட்டது.

இழப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. பயிர், மரம் முதலியவற்றின் சேதத்துக்கு ஒன்று. உரிமை எடுக்கப்பட்ட நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மற்றொன்று. பட்டா தாத்தா பெயரிலேயே இருந்ததால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகே தொகை வந்தது. அந்தச் சான்றிதழைப் பெறுவதற்குத்தான் அதிகம் அலைந்தோம். வெட்டிய வேம்புக்குக் குறைவாக மதிப்பிட்டிருந்ததை, மரம் நின்றபோதே எடுத்து வைத்த படங்களைக் காட்டித் திருத்த வைத்தோம். அதிலும் உடன்பாடு இல்லாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து, கடைசியில் மேலேயே பரப்பச் சொல்லி அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிமண் மேலே வந்துவிட்டால் விளைச்சல் குன்றும்.

இப்போது வரப்போரம் ஒரு கம்பம் நிற்கிறது. குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் செலுத்தும் சிறு மின்னோட்டத்தின் பலனை அதில் அளந்து பார்க்கிறார்கள். குழாய்த்தடத்தை நடந்து கண்காணிப்பவர், தரையில் சீறும் ஒலி கேட்டாலோ ஓரிடத்தில் மட்டும் பயிர் கருகினாலோ விலகி நின்று உடனே தெரிவிக்கச் சொன்னார். சமையல் எரிவாயுவில் சேர்க்கும் வாடை இந்தக் குழாயில் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாதாம். வாய்க்கால் தூர்வார ஜேசிபி கொண்டுவரும் முன்பு, அடையாளப் பலகையில் உள்ள எண்ணுக்கு நாங்கள் தகவல் சொல்லிவிடுகிறோம்.