தண்ணி பாட்டில் அப்படியே வீட்டுக்கு வருதா?

பெரம்பூர் பக்கம் ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்கேஜி எடுக்குறேன். கை கழுவுறது, நகம் பாக்குறது, சட்டைல கர்சீஃப் குத்தி அனுப்புறது இதெல்லாம் இப்ப ஓரளவு எல்லாரும் பண்றாங்க. எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்குறது பாத்ரூம் விஷயம்தான்.

மூணரை நாலு வயசு குழந்தைக்கு ஸ்கூல் பாத்ரூம்னா பயம்ங்க. உள்ள இருட்டு, தரை வழுக்கும், வீட்ல அம்மா கூடவே நின்னு பழக்கம், இங்க யூனிஃபார்ம்ல பெல்ட் வேற, அதை அவுக்கத் தெரியாது, மிஸ்கிட்ட கேக்க வெக்கம், அதனால அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கும். தண்ணி குடிச்சாதானே வரும்னு தண்ணியே தொடாது. ஜூன்ல சென்னை வெயில் தெரியும்ல, அந்த வெயில்லயும் காலைல கொண்டுவந்த பாட்டில் அப்படியே திரும்பிப் போகுது. அப்புறம் மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர் வீட்டுக்கு அலைவாங்க. அதுவும் பொம்பளப் புள்ளைங்களுக்கு யூரின் போற குழாய் நீளம் கம்மி, கிருமி சட்டுனு மேல ஏறிடும், அதனாலதான் முன்னாடியிருந்து பின்பக்கமா கழுவணும்னு சொல்றது. சளி இருமல் எதுவும் இல்லாம ஜுரம் மட்டும் அடிச்சா யூரின் டெஸ்ட் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சின்னதுங்களுக்கு எரியுதுன்னு சொல்லத் தெரியாது.

எங்க கிளாஸ்ல இப்ப "யாருக்கு பாத்ரூம் வருது"ன்னு கேக்குறதில்ல. கேட்டா யாரும் கை தூக்க மாட்டாங்க. ஸ்நாக்ஸுக்கு முன்னாடியும் சாப்பாட்டுக்கு முன்னாடியும் மொத்த கிளாஸையும் கூட்டிட்டுப் போயிடுவோம், வந்ததும் சோப்பு போட்டு கை கழுவிட்டு எல்லாரும் சேர்ந்து தண்ணி குடிப்போம். சானிடைசர் இருக்கேன்னு சில பேரன்ட்ஸ் சொல்றாங்க, கையில அழுக்கு இருந்தா அது சரியா வேலை செய்யாது, பேதி உண்டாக்குற சில வைரஸுக்கும் சோப்பும் தண்ணியும்தான் சரி.

இதுல பாதி வேலை ஆயாம்மாவோடது. ட்ரஸ்ல போயிட்ட புள்ளைய ஒரு வார்த்தை திட்டாம கழுவி மாத்தி விடுவாங்க, அந்தப் புள்ள அடுத்த நாள் தானா வந்து "ஆயாம்மா, ஒண்ணுக்கு"ன்னு சொல்லும். ஆனா மூணு கிளாஸுக்கு ஒரே ஆயாம்மாதான், சம்பளமோ எங்கள விட ரொம்ப கம்மி, இது நியாயமே இல்ல.

அம்மாங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, பெல்ட் வேணாம், எலாஸ்டிக் வெச்சு தெச்சுக் குடுங்க, மாத்து ஜட்டி ஒண்ணு பைல வைங்க, சாயங்காலம் பாட்டில எடுத்துப் பாருங்க, குறையாம இருந்தா மறுநாளே டைரில எழுதி அனுப்புங்க.