பேரனின் பெயர்: பாஃபின் தீவு நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 4

கனடாவின் வடக்கிலுள்ள நுனாவுட் பிரதேசத்தில், பாஃபின் தீவின் கிழக்குக் கரையிலுள்ள இச்சிற்றூருக்கு நான் மனநலத் தாதியாக வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஊரின் பெயரையும் பிள்ளைகளின் அடையாளங்களையும் இங்கே எழுதப்போவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே வாழும் இடத்தில் ஒரு சிறு விவரம்கூட ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கனடாவில் இனுயிட் என்னும் வடதுருவப் பழங்குடி மக்கள் வாழும் நான்கு பகுதிகளிலும் தற்கொலை விகிதம் நாட்டின் பொது விகிதத்தைவிட 5 முதல் 25 மடங்கு வரை உயர்ந்திருப்பதாக, அவர்களது தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனதாமி 2016 இல் வெளியிட்ட தடுப்புத் திட்டம் கூறுகிறது. இளையோரிடையே அது மிகக் கூடுதல். ஆனால் இந்தத் துயரம் இம்மக்களின் பழைய வாழ்வோடு வந்ததன்று. 1950களிலும் 60களிலும் குடும்பங்கள் தம் வேட்டை முகாம்களிலிருந்து நிலையான ஊர்களுக்குக் கொண்டுவரப்பட்டன. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். இழுவை நாய்கள் கொல்லப்பட்டன. அதன்பின் வளர்ந்த தலைமுறையிலேதான் இந்த எண்கள் ஏறத் தொடங்கின.

ஏப்ரல் 7

பதினேழு வயது இளைஞன் ஒருவனின் கோப்பை இன்று மீண்டும் படித்தேன். தெற்கிலிருந்து காணொளி வழியாக அவனிடம் பேசிய மருத்துவர் ஒருவர், "கேள்விகளுக்குப் பதில் தரவில்லை" என்று எழுதியிருந்தார். அந்த உரையாடலின்போது நான் அறையில் இருந்தேன். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னான். இங்கே ஆம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். "உறக்கம் வருகிறதா?" என்றதற்கு அவன் மூக்கு இலேசாகச் சுருங்கியது. திரையில் அது தெரிந்திருக்காது. நான் குறுக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏப்ரல் 9

ஊர் இளையோரைப் பனிவெளிக்கு அழைத்துப்போகும் முகாமை நடத்தும் மூதாட்டியிடம், மருத்துவ நிலையத்தின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று கேட்டேன். அவர் கப்பலைப் பற்றிச் சொன்னார். 1950 முதல் சி.டி. ஹவ் என்ற அரசுக் கப்பல் கோடைதோறும் வந்து எல்லோரையும் ஊடுகதிர்ப் படம் எடுக்கும். காசநோய் உள்ளவர்களை அப்படியே தெற்கிலுள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்விடும். 1956 இல் இனுயிட் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அந்த மருத்துவமனைகளில் இருந்தார். இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2019 மார்ச் 8 அன்று நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் பிரதமர் ட்ரூடோ அதற்காக மன்னிப்புக் கேட்டார். மூதாட்டியின் அண்ணனும் அந்தக் கப்பலில் ஏறிப் போனவர், திரும்பவில்லை.

வெள்ளை மேலங்கியோடு நான் எந்த வரலாற்றுக்குள் வந்து நிற்கிறேன் என்பதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏப்ரல் 16, முகாம்

உறைந்த கடல்மேல் பனிவண்டியில் மூன்று மணி நேரம் வந்து கூடாரம் அடித்திருக்கிறோம். ஒன்பது இளையோர், நான்கு மூத்தோர், நான். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

இன்றைய வேலை ஒரு சறுக்குவண்டியைச் சீர்செய்வது, கமுதிக் என்பார்கள். இரண்டு நீண்ட சட்டங்களின்மேல் குறுக்குப் பலகைகள் கிடக்கும், அவற்றை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி அடித்த வண்டி மேடுபள்ளமான பனிக்கட்டியில் பிளந்துவிடும். கட்டிய வண்டியோ பனியின் போக்குக்கு வளைந்துகொடுக்கும். கோப்பில் "பதில் தரவில்லை" என்று எழுதப்பட்ட அந்த இளைஞன்தான் கயிற்றைப் பிடித்திருந்தான். முதியவர் ஒருவர் எதிரே முழந்தாளிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டிக் காட்டினார். நான்காம் முறை அவனே கட்டினான். கையுறையைக் கழற்றியதால் விரல்கள் சிவந்திருந்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே, சென்ற ஆண்டு இறந்த தன் நண்பனைப் பற்றி அவன் பேசத் தொடங்கினான். முதியவர் கேட்டார், தானும் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டார். நான் ஏழு மாதமாக நாற்காலியை எதிரெதிரே போட்டுக் காத்திருந்தது இந்தப் பேச்சுக்காகத்தான்.

ஏப்ரல் 17

காலையில் தேநீர் கொடுக்கும்போது மூதாட்டி அவனை "அத்தாத்தா" என்று அழைத்தார். இவர்களின் மொழியான இனுக்டிடுட்டில் அதற்கு அப்பா என்று பொருள். அவருடைய தந்தையின் பெயரைத்தான் அவன் சுமக்கிறான். இறந்தவரின் பெயரை ஏற்ற பிள்ளையை அந்த இறந்தவரின் உறவுமுறையிலேயே அழைப்பது இவர்கள் வழக்கம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண் பதினேழு வயதுப் பையனை அப்பா என்று அழைத்து, முதல் கோப்பையை அவனுக்குத் தருகிறார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாட்டனையும் பேரன் என்போம், பேரப்பிள்ளையையும் பேரன் என்போம். பெயரைக் கொடுத்தவருக்கும் பெயரை ஏற்றவருக்கும் ஒரே சொல். எனக்கு அது சிறு வயதிலிருந்தே வாயில் வரும் சொல்தான், ஆனால் இன்றுதான் அதை நின்று கேட்டேன். என்னால் யாருக்கும் பயனில்லை என்று ஜனவரியில் என்னிடம் சொன்னவன் இவன்.

ஏப்ரல் 23

ஊர் திரும்பியாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ இருநூறு பழங்குடிச் சமூகங்களை ஆராய்ந்து சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட கட்டுரையை மறுபடி படித்தேன். கல்வி, மருத்துவம், நில உரிமை, தன்னாட்சி போன்றவற்றைத் தம் கையில் வைத்திருந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. அப்படியானால் முகாமைப் போலவே, அதை நடத்துபவர் யார் என்பதும் முக்கியம். இதே தீவின் கிளைட் ரிவரில் 1997 முதல் இயங்கும் இலிசக்சிவிக் சங்கம் ஊர்க்காரர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கிறது. என்னைப் போன்றோர் ஒப்பந்தம் முடிந்து போனாலும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

நிதியோ ஒவ்வொரு மார்ச் 31 ஆம் திகதியும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் துயரத்துக்கு நிதியாண்டு தெரியாது. இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மே 3

ஓகஸ்டில் கடற்பனி விலகியதும் படகில் அடுத்த முகாம் போவதென்று மூத்தோர் முடிவு செய்திருக்கிறார்கள். சிறியவர்களுக்கு வண்டி கட்டவும் வலை போடவும் சொல்லித்தர அந்த இளைஞனை உதவியாளனாகக் கேட்டிருக்கிறார்கள்; கூலியும் கொடுக்க வேண்டும் என்கிறார் மூதாட்டி. எரிபொருள், கூடாரத் துணி, நான்கு மூத்தோரின் சம்பளம், ஓர் உதவியாளனின் சம்பளம் என்று விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பயன்பெறுவோர் என்ற பத்தியில் அவன் பெயரைச் சேர்க்கப் போனபோது மூதாட்டி என் கையைப் பிடித்து, பணியாளர் பத்தியைக் காட்டினார்.