அம்மா வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் நாய்க்கடி ஊசி

நவம்பர் பிறந்தால் சிங்கப்பூரில் எங்கள் பயண மருத்துவக் கிளினிக்கில் கூட்டம் ஏறிவிடும். பள்ளி விடுமுறை. பாலிக்குப் போகிறவர்கள், வியட்நாமைச் சுற்றக் கிளம்பும் இளைஞர்கள் எனப் பலர் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் பற்றி அவர்களாகவே கேட்பார்கள். நம்மவர்கள் அநேகமாகக் கேட்பதில்லை. டைஃபாய்டு ஊசி போட்டுக்கொள்வார்கள், கொசு மருந்து வாங்குவார்கள். நாய்க்கடி ஊசி என்று நான் பேச்செடுத்தால், "சிஸ்டர், நாங்க டூர் போகலையே, மன்னார்குடிக்கு அம்மா வீட்டுக்குத்தானே போறோம்" என்பார்கள். தாதியாக என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்தப் பதில்தான்.

டூர் போகிறவர் நாலு நாள் ஹோட்டலில் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஊருக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள், சித்தப்பா வீட்டு நாயோடு திண்ணையில் புரளுகிறார்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். சிங்கப்பூரோ 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு. இங்கே வளரும் பிள்ளைக்கு நாய் என்றால், கழுத்தில் வாரோடு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடந்துபோகும் செல்லப்பிராணி.

ஒரு முறை ஆறு வயதுப் பையன் ஒருவனிடம், "பாட்டி ஊர்ல தெருவுல நாய்க்குட்டி வந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன். "தடவிக் குடுப்பேன், பிஸ்கட் குடுப்பேன்" என்றான். "கடிச்சிட்டா?" அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சொல்ல மாட்டேன். திட்டுவாங்க" என்றான். அதுவரை விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, இரண்டாவது ஊசிக்கு எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டார்.

பிள்ளைகள் மறைப்பார்கள் என்பது ஒரு பக்கம். அவர்களின் உயரத்துக்கு நாய் பாய்ந்தால் கடி முகத்திலும் தலையிலும்தான் விழும். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போவது. முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் குறைவு, நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் அறிகுறி தெரியும், சிலருக்கு ஒரே வாரத்தில் கூட. அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம்.

முன்கூட்டியே போடும் ஊசி முன்பு மூன்று தவணை. 2018 முதல் ஒரு வார இடைவெளியில் இரண்டு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; ஆளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இதைப் போட்டுக்கொண்டவர், கடிபட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசி அவசியம். ஆனால் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்க ஆயத்த நிலையில் கொடுக்கும் எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது. அது பெரிய சலுகை. முன்னால் ஊசி போடாதவருக்கு ஆழமான கடி என்றால், அந்த மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். எல்லா ஊரிலும் அது கையிருப்பில் இருப்பதில்லை. நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டியிருக்கலாம். விலை கொஞ்சம் கனம்தான், குடும்பமே போட்டுக்கொள்வது எல்லோராலும் ஆகாது. அப்படிப்பட்டவர்களிடம் பிள்ளைகளுக்காவது போடுங்கள் என்று சொல்கிறேன்.

பெரியவர்கள் இன்னும் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரித்தார்கள். இந்தியா அதைக் கைவிட்டுப் பல காலமாகிவிட்டது. இப்போது எல்லாம் கையில்தான்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றை மட்டும் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கடித்த இடத்தை உடனே குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். "கால் மணி நேரமா?" என்று ஆச்சரியப்படுவார்கள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் மூணிலிருந்து ஆறுக்குப் போகும் வரை என்பேன். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. பாட்டி அன்போடு எடுத்துவந்தாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். குட்டி நாய்தானே, சும்மா கீறல்தானே என்று விடவும் கூடாது. பூனை, குரங்குக்கும் இதே கணக்கு.

ஊரில் கடிபட்டு, ஊசி பாதியில் இருக்கும்போதே விமானம் ஏறி வருகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம், நல்லபடியாகவே போடுகிறார்கள். பலர் ஊசி போட்ட விவரச் சீட்டைத்தான் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கடித்த தேதி, மருந்தின் பெயர், எத்தனை தவணை ஆயிற்று, இம்யூனோகுளோபுலின் போட்டார்களா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விவரம் முக்கியம், ஏனென்றால் முதல் ஊசிக்குப் பிறகு ஏழு நாளுக்குள்தான் அதைக் கொடுக்க முடியும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய மறுநாளே அந்தச் சீட்டோடு வாருங்கள், மிச்சத்தை நாங்கள் போட்டுவிடுகிறோம்.