திரும்பி வருவேன் என்ற சொல்

2024 நவம்பர் 30, சனி

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் இன்றுதான் போக முடிந்தது. வீதியில் நின்ற வெள்ளம் முழுவதும் வடியாததால், உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடியே சபை இளைஞர்கள் ஆறு பேரும் நானும் பொதிகளைக் கொண்டுசென்றோம். ஒரு பொதியில் ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் பால்மாவும் ஒரு பாயும் இருந்தன. அதற்குள் சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றையும் வைக்கலாம் என்று நேற்று ஒருவர் சொன்னபோது நான் உடன்படவில்லை. பசித்திருப்பவர் மறுக்க முடியாத நேரத்தில் நீட்டப்படும் சுவிசேஷம், அவருக்கு அரிசியின் விலையாகவே தெரியும்.

கடைசி வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார். விதைத்து ஒரு மாதமே ஆன மாரி வேளாண்மை முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. விதைநெல்லுக்காக மகளின் காப்பை அடகு வைத்ததாகச் சொன்னார். கிணற்றுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. வாளியில் அள்ளிக் காட்டிய தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, அழுகிய வைக்கோல் மணத்தது. வியாழக்கிழமை வந்து கிணற்றை இறைத்துத் தருகிறோம் என்று நான் சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து லூக்கா 10ஆம் அதிகாரத்தை வாசித்தேன். நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதைப் பற்றியே நாங்கள் பிரசங்கிக்கிறோம். ஆனால் 35ஆம் வசனத்தில் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் தான் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். அடிபட்டவனுக்குச் செய்யும் உதவியை அவன் ஒரே நாளில் முடித்துவிடவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று நான் போகவில்லை. கரோல் பயிற்சி இருந்தது, நீரிறைக்கும் இயந்திரமும் கிடைக்கவில்லை, அதோடு மழையும் பெய்தது. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆயினும் வரமுடியாது என்று ஒரு சொல் சொல்லி அனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரவில் நித்திரை வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக வந்த கடல் நாவலடிக் கிராமத்தை அழித்தபின் நாங்கள் முகாமாகிய ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எத்தனையோ பேர் வந்து பொருட்கள் தந்தார்கள், அவர்களில் ஒருவரின் முகமும் இன்று எனக்கு நினைவில் இல்லை. புதன்கிழமை தோறும் வந்து, என் தலையில் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்ட ஒரு மாமியின் விரல்கள் மட்டும் நினைவிருக்கின்றன. அவர் ஒருநாளும் பிரசங்கிக்கவில்லை. இயேசுவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்பதை அந்தக் கைகளிலிருந்தே நான் முதலில் அறிந்தேன்.

1814இல் தனியாக மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்டையும் நினைத்துக்கொண்டேன். ஓராண்டு முடியுமுன்னே, 1815 ஏப்ரலில், இங்கேயே மரித்தார். அவர் பொதி கொண்டுவந்தவர் அல்லர், பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியாது.

டிசம்பர் 7, சனி

இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலையிலேயே போனோம். ஆச்சி வாசலில் கதிரை போட்டு வைத்திருந்தார்.

“வியாழன் வாறன் எண்டு போனீங்களே புள்ள, பொழுதுபடும்வரைக்கும் பாத்திருந்தன்” என்றார்.

என் தவறுதான் ஆச்சி, மன்னியுங்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய தண்ணீரில் ஊற்றிய தேநீர் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊற்று ஓயாமல் பெருகியதால் இரண்டு மணி நேரம் இறைத்தோம். அடியில் கிடந்த சேற்றையும் செத்த தவளைகளையும் தம்பி ஒருவன் இறங்கி அள்ளினான். பொது சுகாதாரப் பரிசோதகர் தந்த குளோரினைக் கரைத்து ஊற்றினோம். வயலுக்குள் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலுக்கு எதிரான மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை ஆச்சியின் மகனிடமும் சொன்னோம்.

புறப்படும்போது, வீட்டிலுள்ள அம்மாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்த ஆச்சி, உங்கள் சாமியிடமும் எங்கள் வயலுக்காகக் கேளுங்கள் என்றார். முற்றத்தில் நின்றபடியே சுருக்கமாக ஜெபித்தேன். குளோரின் மணம் போய்விட்டதா என்று பார்க்கச் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லி, அதை அவர் முன்னாலேயே கைபேசியில் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

போனேன். தண்ணீர் தெளிந்திருக்கிறது. அடுத்தது அடகுச் சீட்டு. மீட்கவேண்டிய தவணை தை மாதம் என்கிறார்.