காட்டும் எண்ணும் ஏறும் சூடும்: ஹீட் கன்னில் செய்து பார்த்தவை

பெயின்ட் உரிக்க மட்டும் என்றால் இரண்டு நிலை சுவிட்ச் உள்ள சாதாரண ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) போதும். வயர் வேலை, பைப் வளைப்பு, பிளாஸ்டிக் ஒட்டு என்று இறங்கினால் நாம் வைத்த சூட்டிலேயே பிடித்து வைக்கும் வகைதான் வேண்டும். டிஸ்பிளே இருக்கிறது என்பதற்காக அது சூட்டைப் பிடித்து வைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கடையிலேயே சோதிக்கலாம். ஆறிய கன்னில் 300 பாகை (செல்சியஸ்) வைத்து சுவிட்சைப் போடுங்கள். சில மொடல்கள் முதலில் நாம் வைத்த எண்ணைக் காட்டிவிட்டுத்தான் அளந்த எண்ணைக் காட்டும், அதனால் சில விநாடி பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அசையாமல் 300 என்றே நின்றால் உள்ளே சூட்டை அளக்கும் சென்சர் இல்லாமல் இருக்கலாம், நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. எண் கீழிருந்து ஏறி வந்தால் காற்றைக் குறைவிலிருந்து முழு வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒருதரம் இறங்கி மறுபடி 300க்கு வந்தால் வாங்கலாம்.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்றால், கரண்ட் எப்போதும் 230 வோல்ட்டில் நிற்பதில்லை. எலிமென்டின் (உள்ளே சூடேறும் கம்பியின்) வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடிக் குறையும். 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வாட் கன் ஏறக்குறைய 1500 வாட்தான் தரும். சென்சர் இல்லாத கன்னில் சூடு அப்படியே விழும். சென்சர் உள்ளது எலிமென்டைக் கூடுதல் நேரம் ஓட்டி ஈடுகட்டும், உச்ச அளவில் வைக்காதவரை.

2000 வாட் என்றால் 8.7 அம்பியர். 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கட்டில் கன்வேர்ட்டர் (பிளக் மாற்றி) வைத்துச் செருகும் பழக்கம் இங்கே வேண்டாம். 13 அம்பியர் சொக்கட், நீட்டிப்பு வயர் என்றால் 1.5 சதுர மி.மீ. செம்பு. சுற்றி வைத்த வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும், சுருளுக்குள் சூடு தங்கி உறை இளகிவிடும்.

அடுத்தது, காட்டும் எண் உண்மையா என்று பார்ப்பது. இதற்கு ஈயப்பற்று வயர் போதும். 63/37 வெள்ளீய-ஈயக் கலவை 183 பாகையில் உருகும், அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 60/40 கிட்டத்தட்ட அதேதான், 190 வரை கொஞ்சம் குழைவாக இருக்கும். மெல்லிய வயர்த்துண்டை நொசில் வாயிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டு, கீழே ஒரு ஓட்டுத்துண்டு வைத்து, 160இல் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் அரை நிமிடம். 190-200இல் துளி விழுந்தால் நல்ல கன். 240 வரை போன பிறகுதான் விழுந்தால் 183க்கும் காட்டும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கன்னின் உடம்பிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். மேல் எல்லைக்குச் சுத்தமான ஈயம் 327. வீச்சுவலைக்குப் போடும் ஈயத்திலிருந்து ஒரு சீவல் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதில் வேறு உலோகம் கலந்திருந்தால் முன்னரே உருகும், ஆகவே அது மதிப்பீடு மட்டுமே. வெளியில் நின்று செய்யுங்கள், கையைக் கழுவுங்கள். மல்டிமீட்டரோடு வரும், சூட்டை அளக்கும் கே வகைக் கம்பியும் உதவும், அதன் உறை 250 பாகையை ஒட்டிக் கருகத் தொடங்கும். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் மீட்டர் காற்றின் சூட்டை அளக்காது. பளபளப்பான அலுமினியத்திலும் குறைத்துத்தான் சொல்லும்.

இவ்வளவும் செய்து திருத்திய எண்ணும் நொசில் வாயின் சூடுதான். பொருளில் ஏறுவதைத் தூரமும் நேரமும் தீர்மானிக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் நின்றால் இன்னும் மோசம், பக்கக் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். எண்ணைக் கூட்டினால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துவதே சரி.

வள்ளத்து லைட் வயரில் ஒட்டுப்பசை உள்ள 3:1 சுருங்கு குழாய் (சூடுபட்டால் விட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது) போடுவதுதான் அதிகம் வரும் வேலை. உப்புக்காற்றில் சாதாரண டேப் தாக்குப்பிடிக்காது. செம்பு பச்சை பிடித்திருந்தால் பளிச்சென்ற கம்பி வரும்வரை வெட்டிப் போங்கள். கன்னில் 250 முதல் 300, கரண்டி வடிவ நொசில், நடுவிலிருந்து இரு முனைக்கும். முனையிலிருந்து தொடங்கினால் உள்ளே காற்று சிக்கிக் குமிழி விடும். குழாய் சுருங்கியதும் நிறுத்திவிடக் கூடாது, இரண்டு முனையிலும் பசை வளையமாகக் கசிய வேண்டும். சாதாரண பிவிசி வயரின் உறை 70 பாகைக்கு உரியது, ஒரே இடத்தில் நிறுத்தினால் அதுதான் முதலில் இளகும்.

பிவிசி கொண்டியூட் (வயர் போகும் பைப்) வளைக்கக் கணக்கு வேண்டும். 10 செ.மீ. ஆரத்தில் நேர்கோண வளைவு என்றால் வில்லின் நீளம் 15.7 செ.மீ. ஆகவே 18-20 செ.மீ. தூரம் சீராகச் சுட வேண்டும். உள்ளே காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி இரு பக்கமும் அடையுங்கள். ஈர மணல் ஆவி விட்டு அடைப்பைத் தள்ளும். 200-250 வைத்து, 8-10 செ.மீ. தள்ளி, பைப்பை உருட்டிக்கொண்டே இருந்தால் 110-130 பாகையில் றப்பர் போல் தொய்யும். நினைத்ததைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாக வளைத்து, ஈரத்துணியால் சுற்றி ஆறும்வரை பிடியுங்கள். மூக்கை அரிக்கும் புளிப்பு நெடி வந்தால் பிவிசி சிதைகிறது, அது ஹைட்ரஜன் குளோரைட். அந்தத் துண்டைத் தூக்கி எறியுங்கள். தண்ணீர் அழுத்தம் வரும் பைப்பை இப்படி வளைக்கக் கூடாது. வெளி வளைவில் சுவர் மெலிந்துவிடும், அங்கே எல்போ (வளைவு மூட்டு) தான்.

மெனக்கெட்டதற்கு நல்ல பலன் தந்தது வெடித்த தண்ணீர்த் தாங்கி. முதலில் பிளாஸ்டிக் எது என்று பாருங்கள். சீவல் நல்ல தண்ணீரில் மிதந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன். ஏபிஎஸ்ஸும் பிவிசியும் தாழும். எரித்தால் மெழுகுதிரி மணம் வந்தால் பொலித்தீன். வெடிப்பின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடாமல் தொடங்கினால் நீங்கள் ஒட்ட ஒட்ட அது முன்னே ஓடும். பிறகு ‘வி’ வடிவில் சுவரின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு வெட்டி, வெயிலில் வெளுத்த தோலைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் மணல் துகள் உள்ளே தங்கும். ஒட்டுக்கம்பி அதே பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், தாங்கிக்குப் பொருத்து வாய் வெட்டியபோது விழுந்த வட்டத்துண்டு கைவசம் இருந்தால் 4-5 மி.மீ. கீற்றாக அறுத்துக்கொள்ளலாம்.

குறுக்கும் நொசில் மாட்டி 280 அளவில் வையுங்கள். ஹீட் கன்னின் காற்று பிளாஸ்டிக் வெல்டிங் கருவியைவிடப் பல மடங்கு அதிகம். வாயை மிகவும் ஒடுக்கினால் காற்று பின்னே அமுங்கி எலிமென்ட் போய்விடும். காற்றைக் குறைத்து, கம்பிக்கும் அடிக்கும் மாறி மாறி ஆட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் மினுங்கியதும் கம்பியைச் செங்குத்தாக அழுத்தி நகருங்கள். இரு பக்கமும் மெல்லிய விளிம்பு வழிந்தால் பிடித்துவிட்டது. ஆறிய பின் கம்பி உரிந்து வந்தால் அடி சுடப்படவில்லை என்று அர்த்தம், அவசரக்காரருக்கு எப்போதும் இதுதான் நடக்கும். மஞ்சளாகிப் பளபளத்தால் சூடு அதிகம். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. தாங்கியின் அடி மூலையில் வெடித்திருந்தால் ஒட்டு நிலைப்பது கடினம், முழுப் பாரமும் அங்கேதான்.

வயலுக்கு நீர் இறைக்கும் மெஷினில் பெயாரிங் மாற்றும்போது சுத்தியலுக்குப் பதில் கன். 6205 பெயாரிங்கின் வெளி விட்டம் 52 மி.மீ. அலுமினிய உறையை 30 பாகையிலிருந்து 110க்கு ஏற்றினால் துளை ஏறக்குறைய 0.1 மி.மீ. விரியும், பெயாரிங் தானாக இறங்கும். ஒரு துளி தண்ணீர் சுர்ரென்று கொதித்து வற்றினால் சூடு போதும். பெற்றோல் தாங்கியையும் குழாயையும் கழற்றித் தூர வைத்த பிறகே இதைத் தொடங்குங்கள். நெருப்பே இல்லாமல் 300 பாகைக் காற்றே பெற்றோல் ஆவியைப் பற்ற வைக்கக்கூடும்.

பைபர் வள்ளத்தில் பெயின்ட் உரிக்கக் கன்னை எடுக்க வேண்டாம். பொலியெஸ்டர் றெசின் 60-80 பாகையிலேயே இளகும், அடுக்குகள் விடும். பழைய மரக்கதவுக்கு எடுக்கலாம், ஈயப் பெயின்ட் இருக்கக்கூடும் என்பதால் 500க்கு மேல் போகாமல், முகமூடியோடு.

வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் குறைந்த சூட்டில் ஓடவிட்டு நிறுத்துங்கள். நடுவில் கரண்ட் நின்றால் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள், சூடு மோட்டர் பக்கம் ஏறாது. மாரியில் கொட்டிலில் தொங்கவிட்ட கன் தை பிறந்து போட்டதும் ட்ரிப் சுவிட்சை விழுத்தினால், எலிமென்டைத் தாங்கும் மைக்காவில் ஈரமும் உப்புத்தூசும் பிடித்திருக்கலாம். நல்ல வெயிலில் ஒரு பகல் காயவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் திறந்து பார்க்க வேண்டும். எர்த்தைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வழியல்ல.